பனச்சமூட்டில் பிளாக்கு

ஜூன் 12, 2025, வியாழன்
இன்று ரத்னபாய் அக்கா வீட்டில் வாராந்தர ஜெபம். நான்கு மணிக்குத் தொடங்க வேண்டியது. புதிய போதகரைக் காணவில்லை. போன் செய்தால், "பனச்சமூட்ல பெரிய பிளாக்கு அண்ணா. நீங்க தொடங்குங்க, வாறேன்" என்கிறார்.

நான் தொடங்கவா? அறையிலிருந்த பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேதமாணிக்கம் அண்ணன் மட்டும் கூரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடம் முன்பு எங்கள் சபைப் பையன் பிஜுவின் நிச்சயதார்த்தத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த வாரம் மூன்று அடக்கத்துக்குப் போய் வந்திருந்தேன். வாய் தன் பாட்டுக்கு, "துக்கத்திலிருக்கும் இந்தக் குடும்பத்தாரைத் தேற்றும் ஆண்டவரே" என்றுவிட்டது. பூவாரிலிருந்து வந்த பெண்வீட்டார் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அன்று மூடிய வாய்.

அதனால் இன்று பாட்டுகளை அறிவித்தேன். ஏழு பாட்டு. தொண்டை போன பிறகு போதகர் வந்தார்.

ஒரு விஷயம். மூன்றே முக்காலுக்கு நானும் பனச்சமூடு வழியாகத்தான் வந்தேன். ஒரு ஆடுகூட ரோட்டை மறிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
ஆராதனை முடிந்து போதகர் ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பெயர்! பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மனைவி ஞானபாயிடம் சொன்னேன். "சபைக் கமிட்டி எலெக்‌ஷன் வருதுல்லா, உங்களைத் தன் பக்கம் பிடிக்கப் பாக்கிறாராக்கும்" என்றாள். மகள் ஜீனா, "அப்பாவைப் பிடிச்சு அவருக்கு என்ன கிடைக்கும்?" என்றாள். பெற்ற பிள்ளை.

ஜூன் 19, வியாழன்
மறுபடியும் பிளாக்கு. மறுபடியும் பனச்சமூடு. "ஒரு சங்கீதம் வாசிச்சு, ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணிருங்க அண்ணா."

வாசிப்பேன். ஜெபம் மாட்டேன். அவர் வந்து சேரும்வரை இழுக்க வேண்டுமே என்று நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தைப் பிடித்தேன். நூற்றெழுபத்தாறு வசனம். அறுபதில் வேதமாணிக்கம் அண்ணன் உறங்கினார். நூற்றிருபதில் பிஜு டீ இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனான். நான் கடைசி வசனத்தை முடிக்கவும் போதகர் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது.

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ? பிளாக்கில் மாட்டி வந்தவர் சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இல்லையே. முப்பத்திமூன்று வயசுக்காரர். ஊரில் பாதிப் பேரைப்போல ஜெர்மனி போக எங்கேயாவது அந்தப் பாஷை படிக்கிறாரா? இல்லை, யாரோ அந்த நிச்சயதார்த்தக் கதையைச் சொல்லிக்கொடுத்து, என்னைவைத்து வேடிக்கை பார்க்கிறாரா? அதுதான். அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 26, வியாழன்
கண்டுபிடித்துவிட்டேன்.

என் மோட்டார் ரிப்பேர் கடையை மூன்று மணிக்கே பூட்டி, பனச்சமூடு சந்தையில் போய் வாழைக்குலைகளுக்குப் பின்னால் நின்றேன். குலைக்காரர் செல்லசாமி, "வாங்கதுக்கா, ஒளியதுக்கா?" என்று கேட்டார். ரெண்டுக்கும் என்றேன். மூன்றரைக்குப் போதகர் பைக்கில் வந்தார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை, எதையும் படிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், டீ குடிக்கிறார், மறுபடி பார்க்கிறார். நான்கு மணிக்கு என் சட்டைப்பையில் போன் அடித்தது. எதிரே அவர் காதில் போன். எடுத்தேன்.

"அண்ணா, பனச்சமூட்ல—"

"தெரியும் ஐயா. நானும் அதே பிளாக்கிலதான் நிக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தபோது என் கையில் வேண்டாத ஒரு வாழைக்குலை இருந்தது.

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். இன்னொரு டீ சொன்னார். "நான் அங்க இருந்தா எல்லாரும் என் வாயையே பாத்துட்டு இருப்பிய. நாலு வருஷத்தில என்னை மாத்திருவாங்க. நீங்கதான் அண்ணா இங்கயே கிடப்பிய. நான் போன பிறகு ஜெபிக்கப் பழகினா போதுமா?"

"அதுக்குப் பொய்யா?"

"அதுக்கு நான் தனியா மன்னிப்பு கேட்டுட்டுதான் வாறேன்."

"என் பேருக்கு நேரே கேள்விக்குறி?"

"ஏழு பாட்டு பாடி ஜெபத்தில இருந்து தப்பிச்ச ஒருத்தரை வேற எப்படி எழுத?"

சிரிப்பு வந்தது. இருந்தாலும் நம்பவில்லை. கமிட்டி எலெக்‌ஷன் முடியட்டும், பார்க்கலாம்.

ஜூலை 10, வியாழன்
எலெக்‌ஷன் முடிந்தது. அவர் என்னிடம் ஓட்டுப் பற்றி வாய் திறக்கவே இல்லை. இதில் என்ன சூது இருக்கிறதோ.

வேதமாணிக்கம் அண்ணனைக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதயத்தில் அடைப்பு. அடுத்த புதன் காலை ஆப்பரேஷன்.

ஜூலை 16, புதன்
விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஏழு மணிக்கு அண்ணனை உள்ளே கொண்டுபோவதாகச் சொன்னார்கள். ஆறரைக்குப் போதகரைக் கூப்பிட்டேன். நெய்யாற்றின்கரையில் திடீர் மரணம், விடியுமுன்பே அங்கே போய்விட்டாராம். "நீங்க இருக்கியல்லா அண்ணா" என்றார்.

நம்பவா? ஜன்னல் வழியே கீழே டீக்கடையை ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தேன். கேட் வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் பைக் இல்லை. இந்தத் தடவை உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். பொய்யாக இருக்கக்கூடாதா என்று அப்போதுதான் முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எலே, நீயா? மக்கா, நிச்சயத்துக்குச் சொன்னதை இங்க சொல்லிராதே, கேட்டியா. எனக்குப் பயமா இருக்குடே." சிரிக்கத்தான் பார்த்தார். பிடி இறுகியது. தள்ளுகிறவர், "ஒரு நிமிஷம் மட்டும்" என்றார்.

பாட்டு இல்லை. நூற்றுப்பத்தொன்பது இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, அண்ணனுக்குப் பயமா இருக்கு. எனக்கும். நான் உள்ள போக முடியாது, நீர் போம். ஆமென்."

"இவ்வளவுதானாலே?"

"இதுக்கு மேல தெரியாது அண்ணே."

"போதும்" என்றார். கையை அவராக விடவில்லை. கதவு வரை நானும் கூடவே நடந்தேன்.

ஜூலை 17, வியாழன்
அண்ணன் கண் விழித்தார். முதலில் கேட்டது: "அது சாவு ஜெபம் இல்லியே?"

ஜூலை 20, ஞாயிறு
போதகரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டிருக்கிறார். பிஜுவின் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

நானும் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுத்தால் தண்ணீர் ஏற்றிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவதில்லை. அவரும் என்னை ஓட்டித்தான் பார்த்திருக்கிறார். அவரை மட்டும் ஏன் சந்தேகப்பட்டேன்? ஆனாலும் அந்த நோட்டில் இன்னும் யார் யார் பெயர் இருக்கிறதோ.

ஜனவரி 15, 2026, வியாழன்
இன்று பிஜு வீட்டில் ஜெபம். போதகர் பூவார் பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். நான்கு மணிக்கு நான் பனச்சமூட்டில் அதே டீக்கடையில் இருந்தேன். பக்கத்தில் வேதமாணிக்கம் அண்ணன், சீனி போடாத டீயோடு.

போன் அடித்தது. பிஜு. "அண்ணே, எங்க நிக்கிய? எல்லாரும் வந்தாச்சு."

"பனச்சமூட்ல பெரிய பிளாக்கு மக்கா. நீ தொடங்கு, வாறேன்."

"நான் இப்பதான் அந்த வழியா வந்தேன். பிளாக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான்.

அண்ணன் டீயைத் துப்பாமல் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன்.