அண்ணியின் நெற்றியில் நின்ற மை

அண்ணி,

நேற்று சாயங்காலம் ஸ்டூடியோவிலிருந்து உங்கள் படம் என் போனுக்கு வந்தது. வருஷத் திதிக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று அண்ணனும் நானும் கொடுத்துவிட்டு வந்த படம். உங்கள் மகள் தேவியின் கல்யாணத்தில் மேடை நடுவில் நின்று சிரிக்கிறீர்களே, அதேதான். வேறு எந்தப் படம் இருக்கிறது? ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்கு முகத்தைப் பளபளவென்று ஆக்கி, புருவங்களுக்கு நடுவில் இருந்த கருநீலப் புள்ளியையும் எடுத்துவிட்டிருந்தார். அழுக்கு என்று நினைத்தாராம். அண்ணனிடம் போனைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். கண் சரியாகத் தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல அது.

உங்களைப் படம் பிடிப்பது எத்தனை பாடு என்று எனக்குத்தானே தெரியும். சின்ன வயதில் அம்மை போட்டுக் கன்னமும் நெற்றியும் குழி குழியாகிப்போனதிலிருந்து, காமிராவைக் கண்டால் உங்களுக்கு உடனே அடுக்களையில் வேலை வந்துவிடும். உங்கள் சொந்தக் கல்யாண ஆல்பத்திலேயே எல்லாப் படத்திலும் தலை குனிந்திருப்பீர்கள். வெட்கம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அடி அண்ணாமலையில் உங்கள் இட்லிக் கடைக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டத்தில் யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள். அதில் ஆவி பறக்கும் இட்லி தெரியும், சட்னி ஊற்றும் உங்கள் கை தெரியும். முகம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். கை பிரபலமாகிவிட்டது, இனி கைக்குத்தான் மாலை போட வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன். நீங்களும் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

தேவிக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்த ஆடி மாதத்தில், வேங்கிக்காலில் நான் நர்ஸாக இருக்கும் தோல் மருத்துவமனைக்கு ஒருநாள் வந்தீர்கள். எனக்குச் சொல்லவில்லை. எல்லாரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். பெயரைக் கூப்பிட வெளியே வந்த நான் திகைத்துப்போனேன். என்ன அண்ணி இங்கே என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை இன்றும் அப்படியே சொல்வேன்.

"நாத்தனாரப் பாக்க வரல, டாக்டரப் பாக்க வந்தேன். பொண்ணு கல்யாணத்துல மேடையில நிக்கணும். ஓரமா இல்ல, நடுவுல."

டாக்டரம்மா ஒளித்து மறைத்துப் பேசுகிறவர் இல்லை. லேசரால் தோலின் மேல் அடுக்கைப் பொடிப்பொடியாகச் சுட்டு எடுத்தால் அடியிலிருந்து புதுத் தோல் வளரும், குழிகள் மேலெழும்பும், ஆனால் முழுதும் போகாது என்றார். நம் நிறத்துக்குச் சூட்டை ஜாஸ்தி வைத்தால் கறுத்துப்போகும் ஆபத்து உண்டு, அதனால் கம்மியாக வைத்து மாதம் ஒரு தடவையாக மெதுவாகத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். பாதி போனாலே சந்தோஷப்பட வேண்டும் என்று அவர் முடித்தபோது, "பாதி போதும் டாக்டர், மீதி எனக்குப் பழகிடுச்சு" என்றீர்கள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எங்கள் அண்ணி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாதான் மல்லுக்கு நின்றாள். ஆத்தா வந்துவிட்டுப் போன அடையாளத்தை மெஷின் வைத்து அழிப்பார்களா, மருமகன் வரப்போகிற வயதில் இது என்ன மினுக்கு என்று கேட்டாள். நீங்கள் பாட்டுக்கு அடுத்த மாதமும் டோக்கன் வாங்கினீர்கள்.

மரத்துப்போகிற களிம்பைத் தடவி, கண்ணுக்கு மூடி போட்டு, நான்தான் உங்கள் தலைமாட்டில் நிற்பேன். மெஷின் ஓட ஆரம்பித்ததும் தலைமுடி தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். முதல் தடவை அந்த வாசனைக்கே எழுந்து ஓடிப்போகிறவர்கள் உண்டு. நீங்கள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு வாசனைதானே என்றீர்கள். முகம் சிவந்து வீங்கும், பிறகு காபித்தூள் தூவியதுபோல் பொறுக்கு கட்டும், அது தானாக உதிரும்வரை கை வைக்கக் கூடாது. வெயில் ஆகாது, அடுப்பு அனல் ஆகாது. அந்த நாட்களில் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார். நீங்கள் உள்ளே தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மாவு புளிக்கலை, தண்ணி கொதிக்கட்டும் என்று குரல் கொடுப்பீர்கள். அண்ணன் சுட்ட இட்லியைத் தின்ற வாடிக்கைக்காரர்கள், அந்தம்மா எப்போது வருவார்கள் என்று பரிதாபமாகக் கேட்டார்கள்.

கார்த்திகை முடிந்தபோது கன்னத்தை விரலால் தடவினால் வித்தியாசம் தெரிந்தது. கடைசித் தடவை மார்கழியில் வைத்தோம், நெற்றிக்கு. அதற்கு மறுநாள்தான் ஆருத்ரா தரிசனம் என்பதை நம் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

கார்த்திகையில் மலைமேல் எரிந்த மகாதீபக் கொப்பரையில் சேர்ந்து, ஆருத்ரா அன்று கோயிலில் கொடுக்கிற மை நம் ஊருக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லவே வேண்டாம். தீபத்துக்கு நெய் காணிக்கை கொடுத்திருந்த அண்ணன், வருஷா வருஷம் போலக் கோயிலுக்குப் போய் மைப் பிரசாதம் வாங்கிவந்தார். வருஷா வருஷம் போல வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து நெற்றியில் வைத்தார். நீங்களும் வருஷா வருஷம் போலக் குனிந்து நெற்றியைக் காட்டினீர்கள். இத்தனை மாதம் வெயிலுக்கும் அனலுக்கும் பயந்து காத்த முகம், சாமி மை என்றதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது!

நான் வேலை முடிந்து உங்களைப் பார்க்க வந்தபோது, ரணமாயிருந்த தோலின் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். கழுவினோம், துடைத்தோம், மறுநாள் டாக்டரம்மாவும் பார்த்தார். புண் ஆறியது. ஆனால் லேசர் போட்ட நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே இறங்கிய மை இறங்கியதுதான். கடுகு அளவுக்குக் கருநீலமாகப் பச்சை குத்தியதுபோல் நின்றுவிட்டது. அண்ணன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் பட்ட பாட்டை நானே கெடுத்துவிட்டேனே என்று என்னிடம் அழுதார், உங்களிடம் அழக்கூடத் தைரியம் இல்லாமல்.

பச்சையை எடுக்கிற லேசர் வேறு இருக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு மூன்று தடவை வந்தால் போய்விடும் என்றார் டாக்டரம்மா. நீங்கள் கண்ணாடியை வாங்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தீர்கள். பாதிக்கு மேலேயே தழும்பு மங்கியிருந்தது. பிறகு கதவோரம் நின்ற அண்ணன் காதில் விழும்படி சொன்னீர்கள்:

"ஆத்தா வச்சத எடுத்தாச்சு. இது எங்க வூட்டுக்காரரு வச்சது. இருக்கட்டும்."

கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண் அந்தப் புள்ளியைப் பூசி மறைக்கிறேன் என்று கிட்டே வந்தாள். அவள் கையை நகர்த்திவிட்டு, ஒட்டுப் பொட்டை ஒரு விரற்கடை மேலே வைத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் பொட்டுக்கு அதுவே இடமாயிற்று. மேடைக்கு நீங்களாக ஏறிப்போய் நடுவில் நின்றதையும், போட்டோக்காரர் சொல்லும் முன்பே முகத்தை நிமிர்த்தியதையும் நான் கீழே நின்று பார்த்தேன். அண்ணி, என் வாழ்க்கையில் நான் பட்ட பெருமைகளில் அது பெரியது. கூட்டத்தில் நின்ற அம்மாகூட, என் மருமகள் லட்சணத்தைப் பார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

இப்போதும் லேசருக்கு வருகிறவர்களிடம் பத்தியமெல்லாம் சொல்லி முடித்தபின், அவர்கள் வீட்டில் விபூதி, குங்குமம், தீப மை வைத்துவிடுகிறவரைக் கூப்பிடச் சொல்வேன். அவரை எதிரே உட்கார வைத்து உங்கள் கதையைச் சொல்லுவேன். இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று தயங்கிக்கொண்டு வருகிற பெண்களுக்கும் அதே கதைதான். உங்கள் பெயரை மட்டும் சொல்வதில்லை. எங்கள் அண்ணி என்றுதான் சொல்வேன்.

இன்று காலை ஸ்டூடியோ திறக்கும் முன்பே அதன் வாசலில் போய் நின்றேன். புள்ளியை அதன் இடத்தில் வைக்க வைத்து, மங்கிய தழும்புகளையும் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். மத்தியானம் படம் வீட்டுக்கு வந்தது. தேவி சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். எல்லார் வீட்டுப் படத்துக்கும் வைப்பதுபோல் புருவ நடுவில் வைக்கப்போன அண்ணனின் விரல், கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றது. ஒரு விரற்கடை மேலே தள்ளிச் சந்தனத்தை வைத்தார்.