டிரெய்லரில் வந்த உங்கள் முகம்

அக்கா,

மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உங்களைப் பார்த்தேன். காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த சங்கரா மீன். செதில் எடுத்து, இரண்டாம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மேடை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் மாதா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் விளம்பரம் வந்தது. கை ஈரம், துடைத்துவிட்டுத் தள்ளிவிடலாம் என்று முந்தானையைத் தேடுவதற்குள் ஒரு நீளமான இருட்டு நடை. அதன் கோடியில் வெள்ளைப் புடவையும் கறுப்பு முக்காடுமாக ஒரு அம்மாள், முதுகைக் காட்டிக்கொண்டு. சத்தமெல்லாம் சட்டென்று நின்றது. அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

நீங்கள்.

கை பட்டுக் கைப்பேசி மீன் சட்டிக்குள் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. உங்களைக் கல்லறையில் வைத்து மண் போட்டுவிட்டு வந்தவள் நான். ஓராண்டுப் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லிவைத்திருப்பவளும் நான். என் சமையலறையில், பட்டப்பகலில், கண்ணுக்குக் கீழே கறுப்பும் முகத்தில் பொட்டு இரத்தம் இல்லாமலும் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அன்று மீன் சட்டியைத் திரும்பத் தொட முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக் கணக்கை எழுத உட்கார்ந்தால், மீன் என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது.

பேய்ப் பட டிரெய்லர் பார்த்துச் செலின் பயந்தாள் என்றால் நீங்கள் நம்பவே மாட்டீர்கள். நம் இருவரில் பயப்படுவது உங்கள் வேலையாக இருந்தது. சாப்பாடு முடிந்து தெரு அடங்கும் நேரத்தில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து உங்கள் குரல் வரும். “செலின், புதுசா ஒண்ணு வந்திருக்கு. பயமா இருக்கு, வாடி.” நான் தெருவைத் தாண்டி வந்து உட்காருவதற்கு முன்பே அடுத்த கேள்வி. “அடுப்ப நிறுத்திட்டியா?” எத்தனை வருடம் வந்தாலும் அந்தக் கேள்வி மாறவில்லை. “நிறுத்திட்டேங்க்கா” என்றால்தான் கைப்பேசியைத் தொடுவீர்கள். பிரான்சிலிருந்து உங்கள் மகள் ஜெசிந்தா அனுப்பிய பிஸ்கட் டப்பாவின் மேல் அதைச் சாய்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வீர்கள். இன்னொரு கை முகத்தை மூடும். விரல் சந்தில் கண் இருக்கும். பயம் வந்தால் கடவுளைப் பிரெஞ்சில்தான் கூப்பிடுவீர்கள்.

“மோன் தியே. வரப்போவுது, வரப்போவுது.”

“எதுங்க்கா வரப்போவுது?”

“அது தெரிஞ்சா ஏன்டி பயப்படறேன்?”

முழுப் படம் நீங்கள் பார்த்ததே இல்லை. “அவ்ளோ தெம்பு எனக்கு இல்ல. ரெண்டு நிமிஷம் பயந்தா ஒரு நாளைக்குத் தாங்கும்” என்பீர்கள். பேயையும் பில்லிசூனியத்தையும் வேடிக்கை பார்ப்பது பாவமோ என்று முதலில் எனக்கு உறுத்தியது. பிறகு உங்களைத் தேற்றுவதற்காக, எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதை யார் சொல்லித்தரப் போகிறார்கள்? வீட்டை நடத்துகிறவளுக்கு எது எங்கே இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கிற கண் இருக்கும். அது போதுமாக இருந்தது.

“அந்தப் பொண்ண ஓரமா நிக்கவெச்சு பாதி எடத்தக் காலியா விட்டிருக்கான் பாருங்க. விருந்துக்கு ஒரு நாற்காலி கூடப் போட்டா, யாரோ வரப்போறாங்கன்னுதானே தோணும். அந்த வேலதான் இது. இவ்ளோ பெரிய பங்களாவுல ஒரு டியூப்லைட்டு போட மாட்டானா?”

“பேய்கிட்டயே கரண்டு பில்லு கேக்கறவ நீ. என்னப் பயப்பட விடுடி.”

வெளிச்சத்தை மேலிருந்து போடாமல் தாடைக்குக் கீழிருந்து போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். மெழுகுவர்த்தியை அப்படிப் பிடித்தால் நம் பங்குச் சாமியார்கூடப் பேயாகத்தான் தெரிவார் என்றேன். நீங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்டினேன். மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துவிட்டால் எந்த முகமும் செத்த முகம்தான் என்று பிறகு தெரிந்தது. கதவு திறக்கும், திரை கறுப்பாகும். ஒரு கை தெரியும், திரை கறுப்பாகும். அந்தக் கறுப்பில் அவர்கள் எதையும் வைப்பதில்லை. பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பயத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் அடுத்த நாள் ஜன்னலிலிருந்து குரல் வந்துவிடும். எதற்கு இப்படிப் பயந்து சாகவேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன்.

“தனியா கெடக்கறவ, இன்னொருத்திய சும்மா சும்மா கூப்பிட முடியுமாடி? பயமா இருக்குன்னா நீ ஓடியாருவ” என்றீர்கள். சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து பிஸ்கட் நீட்டினீர்கள்.

சினிமாக்காரர்கள் உங்கள் வீட்டைக் கேட்டு வருவது புதிதில்லை. உயர ஜன்னலும் பச்சைக் கதவுமாக அந்தக் காலத்து வீடு. சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பிய உங்கள் வீட்டுக்கார மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சம்பளத்தில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது. காதல் படத்துக்குக் கேட்டவர்களை வாசலோடு அனுப்பிய நீங்கள், பேய்ப் படம் என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். நடிக்க வரவேண்டிய அம்மாளுக்குக் காய்ச்சல் என்று டைரக்டர் தம்பி தலையில் கைவைத்தபோது, “நான் திரும்பிப் பாத்தா ஆவாதா?” என்று கேட்டதும் நீங்கள்தான். பெரிய வெள்ளிக்குப் போடும் கறுப்பு லேஸ் முக்காட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. கோவிலுக்குப் போடுவதாயிற்றே என்றேன்.

“ஆண்டவர் கண்டுக்க மாட்டார்டி. அவரும் பேய் ஓட்டினவருதான்.”

முக்காட்டுக்கு ஊசி குத்திவிட்டது நான்தான்.

படம் எடுத்த அன்று முழுக்க நான் வேடிக்கை பார்த்தேன். அதனால்தான், டிரெய்லரைப் பார்த்து நான் அப்படி ஆடிப்போனது எனக்கே புரியவில்லை. ஒவ்வொன்றும் எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தவளுக்கே இப்படி என்றால், தெரியாதவர்கள் கதி என்ன? டிரெய்லருக்கு அடியில் பார்த்தவர்கள் எழுதியிருப்பதை ஒரு நாள் படித்துப் பார்த்தேன். அந்தக் கிழவி முகம் கனவில் வருகிறது என்று எவனோ எழுதியிருந்தான். அதற்குக் கீழே நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்த முகம், அக்கா.

அந்த அதிர்ச்சியே தேவலை என்று ஆக்கிவிட்டாள் உங்கள் மகள்.

ஆண்டுப் பூசைக்கு இரண்டு நாள் முன்னால் ஜெசிந்தா வந்தாள். நீங்கள் போனபோது விமானம் கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இந்த முறை உங்கள் கட்டிலுக்கு உறை மாற்றி, வீட்டைக் கழுவி வைத்திருந்தேன். பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

“பெட்டி எங்கம்மா?”

“ஓட்டல்ல ரூம் போட்டுட்டேன், தாந்த்.” பிரெஞ்சில் அத்தையைக் கூப்பிடுவதுபோல் என்னை அப்படித்தானே கூப்பிடுவாள். “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த நடைய என்னால தாண்ட முடியாது.”

அவள் தவழ்ந்த நடை அது.

“ஃபோன்ல அந்த டிரெய்லரப் பாத்தேன். அம்மா நிம்மதியா போனாங்கன்னு சொன்னீங்க. கடைசில அந்த மாதிரிதான் கண்ண விரிச்சுப் பாத்தாங்களா? எங்கிட்ட மறைச்சிட்டீங்களா?”

பெற்ற தாயின் வீட்டு வாசலில் அந்நியப் பெண்போல நின்றாள். தாயின் முகம் என்றால் இனி அவளுக்கு அந்த விளம்பர முகம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய சாவு எது? அவள் கையைப் பிடித்தேன்.

“செருப்பக் கழட்டு. ஃபோன எடு. உள்ள வா.”

ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். நடையில் தரையிலேயே உட்கார்ந்தோம். முதலில் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். பாதி பயம் சத்தத்தோடு போய்விடும்.

“எவ்ளோ நீளம் பாருங்க” என்றாள் திரையைக் காட்டி.

“எழுந்து நடந்து பாரு.”

நடந்தாள். தொடங்குவதற்குள் சாப்பாட்டு அறைக் கதவு வந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். கேமராக் கண்ணாடியில் இழுத்து நீட்டியது அது; ஈரத்துணியோடு ஒரே இழுப்பில் நான் துடைக்கிற நடை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, காலை வெயிலை வெளியே நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார்கள் என்று சொன்னேன். திரைச்சீலை தானாக ஆடுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

“அதுக்குப் பின்னால ஒரு ஆளு குந்திக்கிட்டு தெர்மோகோல் அட்டையால விசிறுனாரு. பாவம், வேர்த்து ஊத்துதுன்னு உங்கம்மா மோர் குடுத்தாங்க.”

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. அடுத்து, வாசல் நிலைமேல் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை உதிர்ந்து விழும் காட்சி. அதைப் பார்த்து அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆணில லைட்டு ஒயரக் கட்டுனாங்க, பேந்துடுச்சு. நிமிந்து பாரு, ஓட்டை இன்னும் இருக்கு. நான் புதுசு செருகிட்டேன்.”

பார்த்தாள். ஓட்டையும் இருந்தது, புதுக் குருத்தோலையும் இருந்தது.

கடைசியாக உங்கள் முகம். அதற்கு முன்னால் திரை கறுத்ததுமே ஜெசிந்தா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் சந்தில் கண்.

“அப்படியே உங்கம்மாடி நீ.”

வெளிச்சம் தரையிலிருந்து வருவதைக் காட்டினேன். முகத்து நிறத்தை எடுத்துவிட்டதைச் சொன்னேன். நீங்கள் கண் சிமிட்டிய இடங்களை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் சிமிட்டாமல் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றேன். கணக்குப்பிள்ளை மாதிரி நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டு, சத்தமில்லாத அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளி ஓடவிட்டாள்.

“தாந்த், அம்மா ஏதோ பேசறாங்க.”

“பேசச் சொல்லலியே. திரும்பிப் பாக்க மட்டும்தான் சொன்னாங்க.”

“உதட்டப் பாருங்க. இது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாட்டி ஃபோன் பண்றப்பவும் எடுத்ததும் இதத்தான் கேப்பாங்க.” திரையில் உதட்டின்மேல் விரலை வைத்தாள். “அடுப்ப நிறுத்திட்டியா.”

அக்கா, மீன் சட்டியில் கைப்பேசி விழுந்த அன்றுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. படம் எடுத்த அன்று நடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உங்களைத் திரும்பச் சொன்னார் டைரக்டர். நீங்கள் ஒவ்வொரு முறையும் சிரித்துக் கெடுத்தீர்கள். நான் வீட்டுக்குப் போய் உங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். நான் நடைக்குள் கால் வைத்ததும் சைலன்ஸ் என்றார்கள். யாரோ என் தோளைப் பிடித்துக் கேமராவுக்குப் பக்கத்தில் இருட்டில் நிறுத்தினார்கள். நீங்கள் திரும்பினீர்கள். யாரும் இல்லை என்று நினைத்த இடத்தில் டம்ளரோடு நான். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், சத்தம் வராமல். நான் மூச்சுக்கூட விடவில்லை. பதில் வராததால்தான் உங்கள் கண் அப்படி விரிந்தது. அதே பார்வை, சூப்பர் அம்மா என்று டைரக்டர் கைதட்டினார்.

படத்தில் உங்களை ஓரமாக வைத்து மீதியைக் கறுப்பாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கறுப்பில் என்ன நிற்கிறதோ என்று ஊரே பயந்து சாகிறது. அங்கே நின்றது நான்தான், அக்கா. காலியிடம் எதற்கு என்று உங்களுக்குப் பாடம் நடத்தியவளுக்கு, தான் நின்ற இடம் தெரியாமல் போயிருக்கிறது.

நீங்கள் பயந்ததிலும் பொய் இல்லை. நான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, நிறுத்தாத அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரிந்து கிடந்தது.

இதைச் சொன்னதும் ஜெசிந்தா சிரித்தாள், பிறகு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். அழுகை அடங்கிய பிறகு, போன வருடம் தொலைபேசியில் சொல்ல வராத ஒன்றைச் சொன்னேன்.

“ஆஸ்பத்திரில உங்கம்மா கொஞ்சம் பயந்தாங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி கண்ண விரிச்சுக்கிட்டு இல்ல. என் முந்தானையப் பிடிச்சிக்கிட்டாங்க. நான் செபமாலை சொல்லச் சொல்லப் பிடி தளர்ந்துச்சு. அவ்ளோதான்.”

அவள் என் முந்தானையின் ஓரத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். சாயங்காலம் ஓட்டலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் கட்டிலில்தான் படுத்தாள். பூசை முடிந்து ஊருக்குப் போகிறவரை அங்கேதான் இருந்தாள்.

இப்போது படம் வரப்போகிறதாம். கோவிலுக்குப் போகிற வழியில் சுவர் முழுக்க உங்கள் முகத்தை ஒட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடம் வந்தால் ஓடுகிறார்கள். எனக்கு இன்னும் முதல் பார்வையில் ஒரு திடுக்கிடல் வரத்தான் செய்கிறது. செத்தவர்களைச் சுவரில் பார்க்க மனசு பழகவில்லை. ஆனாலும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கமாகவே போகிறேன். சுவரொட்டியில் நீங்கள் இடது ஓரம், மீதியெல்லாம் கறுப்பு. கறுப்பு இருக்கிற பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லையா என்று பார்த்துவிட்டு, உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் பூசைக்குப் போகிறேன்.

“நிறுத்திட்டேங்க்கா.”