எங்கள் தெருவைப் பார்க்க வந்தவன்

நேப்பிள்ஸ்,
சனிக்கிழமை

மேன்மை தங்கிய சுற்றுலாப் பயணி கத்தெல்லோவுக்கு,

உன் அக்கா நுன்ஸியா எழுதுகிறேன். நீயும் உன் ஜெர்மன் மனைவியும் நண்பர்களும் சௌக்கியமாக ஸ்டுட்கார்ட் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீ வந்துபோனது எங்களுக்குத் தெரியாது என்றும் நினைத்திருப்பாய்.

உன் நண்பர்களுக்குக் கோட்டையும் கடற்கரையும் போதவில்லையாம். கூட்டம் போகாத, நிஜமான நேப்பிள்ஸ் வேண்டுமாம். அதற்கு நீ காட்டியது நாம் பிறந்த தெரு. ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். கொடியில் தொங்கிய என் உள்பாவாடையை ஒருத்தி படம் எடுத்தாள். ரசனைக்காரி! மீன்கடை தித்தினா உன்னை அடையாளம் கண்டு, "டேய் கத்தெல்லோ, உங்கப்பன் மேலதான்டா இருக்கான், ஏறிப் போ!" என்று கத்தினாள். நீ ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா படி இறங்குவதில்லை. உனக்கு எழுதியிருந்தேனே. தித்தினாவின் குரல் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். உன்னைக் கண்டதும், உனக்குப் பிடித்த மிளகு பிஸ்கட்டை, தெருவில் சாமான் வாங்க இறக்கும் கயிற்றுக் கூடையில் வைத்து, நல்ல கையால் கயிற்றை இறக்கினார். உன் கூட்டம் கைதட்டியது. ஆளுக்கொன்று எடுத்தீர்கள். நீ கூடையில் ஒரு நாணயத்தைப் போட்டாய். வேடிக்கை காட்டிய கிழவனுக்குக் கூலி! அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

நான் வாயில் வந்தபடியெல்லாம் உன்னைத் திட்டினேன். "சும்மா இரு நுன்ஸியா. பெரிய மனுசங்களோட வந்திருக்கான். அவங்க முன்னாடி நான் வாய் கோணிப் பேசினா அவனுக்கு எப்படி இருக்கும்?" என்றார் அப்பா. சாயங்காலம் தித்தினா வந்து விசாரித்தபோது, "ஏறி வந்தானே! என்கூட காப்பி குடிச்சிட்டுத்தான் போனான்" என்று சாதித்தார். பொய்யென்று அவளுக்குத் தெரியாதா? "நல்ல பிள்ளை, உங்க வளர்ப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீன் நாற்றம் வீசும் அந்தக் கைக்கு உன் வாசனைத் தைலமெல்லாம் உறைபோடக் காணாது.

நேற்று டாக்டர் வந்துபோனார். அவர் சொன்னதை எழுத மனமில்லை. வருவதானால் தனியாக வா. சீக்கிரம் வா. வழி மறந்திருந்தால் உன் நண்பர்களைக் கேள், படம் வைத்திருப்பார்கள்.

உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும். எத்தனை பெரிய மனிதர்கள் சூழ அவர்கள் நின்றாலும், உன்னைக் கண்டால் "அப்பா" என்று வாய் நிறையக் கூப்பிடட்டும்.

நுன்ஸியா