அம்மாவின் செவ்வரத்தம்பூச் சாறு

தலைமன்னார்,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்பு மகள் றொஷேலுக்கு,

மடு மாதாவின் காவலில் நீயும் மருமகனும் அந்தக் குளிரிலும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று அம்மா சொல்கிறார். கைபேசி எந்நேரமும் அவர் கையில், ஊரில் வேறு யாருடைய போனில் பேசினாலும் அவருக்குத்தான் முதலில் செய்தி போகும், அதனால் இதை எழுதி நாளை கனடாவுக்குப் பறக்கிற மர்சூக்கிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான். காய்ந்த செவ்வரத்தம்பூவில் சாறு எடுத்துக் குடித்தால் பிறஷர் இறங்கும் என்று வந்ததே, அன்றிலிருந்து எங்கள் வளவில் ஒரு பூ தானாக வாடி விழுந்தது கிடையாது. முதலில் அம்மா பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டார், நிறம் போதவில்லை. பிறகு சுடுதண்ணீர். இப்போது உரலில் இடித்து, சுடுதண்ணீரில் விடியும்வரை ஊறவைத்து, பழைய வேட்டித் துண்டில் கட்டி, ஒரு முனையை நான் பிடிக்க மறுமுனையை அவர் முறுக்குகிறார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதாம். சாறு உள்ளே போகிறபடியால் இனித் தேவையில்லை என்று டொக்டர் விழுங்கச் சொன்ன பிறஷர் குளிசையையும் நிறுத்திவிட்டார்.

போன கிளினிக்கில் பிறஷர் முன்னதைவிடக் கூட. நேர்ஸ் பிள்ளை மெஷினில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பவும் கட்டிப் பார்த்தது. அம்மாவோ சாறு போதவில்லை என்று தீர்மானித்து ஒரு தம்ளரை இரண்டாக்கினார். எனக்குப் பயம் பிடித்து, அவர் காணாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மகள், அது கட்டாக் கருவாடு மாதிரிக் கரித்தது. பூ எங்கே காய்கிறது என்று அப்போதுதான் போய்ப் பார்த்தேன், நாங்கள் கருவாடு காயப்போடுகிற, உப்புப் பூத்த பாயில். நல்ல வெயிலும் காற்றும் அங்கேதானாம். எவ்வளவு திறமாகப் பிழிகிறோமோ அவ்வளவு திறமாக உப்பும் இறங்குகிறது, அதில் பாதி என் கைப்பலம்.

சொல்லிப் பார்த்தேன். "ஆயுள் முழுக்கக் கருவாடு வித்த மனுசனுக்கு எதைக் குடிச்சாலும் கருவாடுதான் மணக்கும், பிள்ளை பிழையாவோ அனுப்புவாள்?" என்று பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவிடம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கும்போதே கதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்கிறார். தலை சுற்றுவது எனக்குத் தெரியாது என்ற நினைப்பு.

ஆகையால் நீதான் சொல்ல வேண்டும். முதலில் குளிசை, பாய் பிறகு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பாய்க்காகச் சண்டை பிடித்துக் குளிசையை மறந்துவிடுவார். குளிசையோடு குடித்தால்தான் சாறு வேலை செய்யும் என்று புது வீடியோ வந்திருப்பதாகச் சொன்னாலும் குற்றமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் அதை நான் பொறுப்பேற்கிறேன்.

மர்சூக்கிடம் அம்மா உனக்கும் ஒரு பை பூ கொடுத்துவிடுகிறார். சாறு எடுக்காதே.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். வாசித்த கையோடு போன் எடு. அம்மாதான் எடுப்பார், என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, அவரோடேயே கதை.

உன் அன்பு அப்பா,
சந்தியோகு