பின்சீட்டுக்கு எட்டுற கை

ஏங்க, டயாலிசிஸுக்கு நானே டாக்ஸி பிடிச்சுப் போறேன். நேத்து ஷோரூம்லேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க, எழுப்ப மனசு வரல. சோறு குக்கர்ல இருக்கு. கார் சாவி பிரிட்ஜ் மேல.

ஷோரூம் ஆள் போன் பண்ணுவார், பெரிய வண்டி வேண்டாம்னே சொல்லிடுங்க. அந்த வண்டிப் பின்சீட்டுல காலை நீட்டிப் படுக்கலாம், குலுங்காதுன்னு நீங்க சொன்னதெல்லாம் சரிதான். நம்ம சின்ன வண்டியில முட்டியை மடக்கிப் படுத்து, வீடு வர்றதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போகுது.

ஏன் வேண்டாம்னு கேட்டீங்க. அந்த ஆள் முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

பி.கு.: சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் கையைப் பின்னாடி விட்டு என் முட்டியைத் தொட்டுப் பார்ப்பீங்களே, நான் இருக்கேனான்னு. நேத்து படுத்துப் பார்த்தேன். பெரிய வண்டியில உங்க கை எட்டாது.