நெட்டையின் வெளிச்சம்

மார்ச் 5, செவ்வாய்

கடையில் இன்று பதினெட்டு பாஸ்போர்ட் போட்டோ. பதினெட்டுப் பேரிடமும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றேன். அதில் ஒருவர் பல்செட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர். அவருக்கு இறக்கினாலும் ஏற்றினாலும் ஒன்றுதான்.

மதியம் ஆள் வராத நேரத்தில் மறுபடியும் ஃப்ளாஷ் தேடிக்கொண்டிருந்தேன். கேமராவின் தலைமேல் உட்கார்ந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எந்த மணப்பெண்ணும் திருட்டைப் பார்த்துவிட்டவள் மாதிரிதான் படத்தில் விழுகிறாள். ஃப்ளாஷைத் தள்ளி, ஸ்டாண்டில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். அதற்கு ட்ரிக்கர் வேண்டும். கேமராவில் ஒன்று, ஃப்ளாஷின் அடியில் ஒன்று; நடுவில் கம்பி கிடையாது, இங்கே அழுத்தினால் அங்கே அடிக்கும். நல்லதாக வாங்கப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

நெட்டையிடம் கேட்டேன். பத்து வருஷப் பழக்கம். முழுநேரக் கல்யாண போட்டோகிராபர். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைகள் வருவதே அவன் வாய்வார்த்தையில்தான்.

"ட்ரிக்கர்ல வேணா காசைப் பிடி. நான் வெச்சிருக்கிறதையே வாங்கு, சல்லிசு, உழைக்கும். ஃப்ளாஷ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதடா."

முதல் பாதியைக் கேட்டேன். ஃப்ளாஷ், பெயர் வாயில் நுழையாத ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

பார்சல் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து ஐம்பது தடவை அடித்துப் பார்த்தேன். "நான் இவ்வளவு அழகா இருக்கேன்னு ஒரு தடவைகூட நீ சொன்னதில்லையே" என்றாள். ட்ரிக்கரோடு ஒரு துண்டுக் காகிதம்: ஒரே இடத்தில் இருவர் பயன்படுத்தினால் சேனலை மாற்றிக்கொள்ளவும். பக்கவாட்டில் எறும்பு அளவுக்கு மூன்று சுவிட்சுகள். பெட்டியில் வந்தபடியே முதல் சேனலில் விட்டுவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

கல்யாண மதிய விருந்து. பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு நெட்டை. நல்லபடியாக முடிந்தது. களைப்பு.

மார்ச் 12, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலும் ஏன் பொய்?

நடந்தது இதுதான். அரை மணி நேரத்திலேயே என் ஃப்ளாஷ் சூடாகி, பிளாஸ்டிக் கருகும் வாடை விட்டு, செத்துப்போனது. என்ன செய்வதென்று தெரியாமல், கேமராவிலிருந்த ட்ரிக்கரைக்கூடக் கழற்றாமல், சும்மா ஒரு படம் எடுத்தேன். பெண்ணின் கன்னத்தில் ஒரு பக்கமாக வெளிச்சம் வழிந்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை எடுத்ததே இல்லை.

எங்கிருந்து? மேடையின் இடப்பக்கம் நெட்டை அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்திய ஸ்டாண்ட், வெளிச்சம் பரப்பும் குடை, அவனுடைய நல்ல ஃப்ளாஷ். ஒரே மாடல் ட்ரிக்கர். அவனும் முதல் சேனல்தான் போல. நான் அழுத்தினால் அவனுடைய ஃப்ளாஷ் அடித்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. இன்னொரு படம் எடுத்தேன். இன்னொன்று. அப்புறம் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை.

அடித்த ஃப்ளாஷ் மறுபடி நிரம்ப நாலைந்து வினாடி வேண்டும். நான் காலி செய்து வைத்த நேரத்தில் அவன் அழுத்தினால் அவனுக்கு இருட்டு. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வரிசையாக வந்து நிற்க, அவன் திரும்பத் திரும்ப "இன்னொரு தடவை நில்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒரு பெரியவர் சலித்துப்போய் இறங்கியே போய்விட்டார்.

நெட்டை என்னிடம் வந்தான். "டேய், என் ஃப்ளாஷ் தானா அடிக்குது. நீ ட்ரிக்கர் எதுவும் ஆன்ல வெச்சிருக்கியா?"

"என் ஃப்ளாஷே ஆரம்பத்துல செத்துப்போச்சுடா. மோந்து பாரு, எப்படி நாறுதுன்னு."

மோந்து பார்த்தான். "அடப்பாவமே" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அதன்பிறகும் எடுத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

படங்களை இவள் பார்த்துவிட்டாள். "உனக்குக் கை வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல இந்த ஒரு கல்யாணத்துலதான் நீ போட்டோகிராபர் மாதிரி எடுத்திருக்கே." பெண்ணின் அப்பா ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு வரவேற்பறையில் மாட்டப்போகிறாராம். நன்றி சொல்லிப் பேசினார். நானும் வாய் கூசாமல் "எல்லாம் லைட்டிங்தாங்க" என்றேன்.

மார்ச் 20, புதன்

நெட்டை கடைக்கு வந்தான். மாப்பிள்ளை வீட்டில் ஏகப்பட்ட ஏச்சு. குரூப் போட்டோவில் பாதிப் பேர் கரிக்கட்டையாம். "ஃப்ளாஷ் வீட்டுல ஒழுங்கா இருக்குடா. ரிப்பேர்காரனும் ஒண்ணுமில்லைங்கறான். ஹாலுக்குப் போனா பேய் பிடிக்குது. அதை எப்படி நம்பி எடுத்துட்டுப் போறது?"

நான் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பேப்பரை மூன்று தடவை வெட்டினேன்.

"ஒருவேளை ஃப்ளாஷ்ல கோளாறு இல்லையோ, எனக்குத்தான் வயசாகுதோன்னு தோணுது" என்றான். நாற்பத்தொன்று அவனுக்கு.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாலாவது தடவையும் அதே பேப்பரை வெட்டினேன்.

மார்ச் 23, சனி

வாங்கிவிட்டேன்.

நெட்டையின் அந்த ஃப்ளாஷைத்தான். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன் என்றான். "தெரியாதவன் தலையில கட்ட மனசு வரலை. உன்கிட்ட சொல்லிட்டுத் தரேன், இதுல கோளாறு இருக்கு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஓட்டிக்கோ." பழைய இரும்புக்குப் போடும் விலை. போதாக்குறைக்கு, விற்கிறவன் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டான். வாங்குகிற நான் பெரிய மனது பண்ணி "பரவாயில்லடா" என்றேன்.

சீ.

மார்ச் 24, ஞாயிறு

ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் தெரியாதா?

மார்ச் 30, சனி

அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. துண்டு போட்டு மூடி வைத்தேன். துண்டு தேடி வந்த இவள், "இதுக்கு என்ன, குளிருதா?" என்றாள். சிரிக்க முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினால் பாதி பாரம் இறங்கும் என்றுகூட நினைத்திருப்பேன்.

"என்கிட்ட ஏன் சொல்றே? நானா அந்த ஃப்ளாஷை வித்தேன்?"

அவ்வளவுதான். துண்டை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் நெட்டை கூப்பிட்டான். அடுத்த மாதம் ஒரு பெரிய கல்யாணம், இரண்டு நாள் வேலை, அவனுக்கு வந்தது. "நீ எடுத்துக்கோ. புது ஃப்ளாஷ் வாங்க இப்ப முடியாது. வாங்கினாலும் ஆள் கூட்டத்தைப் பார்த்தா கை நடுங்குதுடா."

கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு, ஃப்ளாஷை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசி இறக்கையும் முடிந்தபிறகுதான் கேட்டான்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"என் லைட்ல எத்தனை படம் எடுத்தே?"

"முந்நூறுக்கு மேல."

"அதான் பாட்டரி பாதியிலேயே படுத்துடுச்சு." துடைத்த துணியை உதறினான். "நான் கேட்டேன்ல. உன் மூஞ்சிக்கு நேரா வந்து கேட்டேன்ல."

"கேட்டே."

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்டா. தெரியுமா உனக்கு? டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன், கை நடுக்கத்துக்கு."

தெரியாது. அது எனக்குத் தெரியாது.

ஃப்ளாஷை மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். "அந்தக் கல்யாணத்தை நானே எடுத்துக்கறேன்" என்றான். "உன் பணத்தை ஒரு வாரத்துல தரேன்." வேண்டாம் என்றேன். "நீ பேசாத" என்றான். அவன் எனக்குத் தருவதாம். நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போல் இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

போன் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

பணம் வந்துவிட்டது. அவன் வரவில்லை, அவன் மனைவி வந்து கொடுத்தாள். எப்போதும் "அண்ணே, வீட்டுப் பக்கம் ஆளையே காணோம்" என்பவள். இன்று "இந்தாங்க" என்றாள்.

பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தின் வெளிச்சம் என்னுடையது இல்லை, மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபருடையது என்றேன். "அதனால என்ன தம்பி, படம் நல்லாத்தானே இருக்கு" என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள், படங்கள் இருட்டானதற்கு அவன் காரணமில்லை என்று கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. தம்பி போய் நீங்க ஆகிவிட்டது.

மே 12, ஞாயிறு

ஒரு கம்பெனி விருது விழா. வரவேற்புக்கு நான், மேடைக்கு நெட்டை. அவன் இருப்பான் என்று தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஐந்து வாரத்துக்கு மேல் பேச்சில்லை. தூணுக்கு இந்தப் பக்கமே நின்று வேலை பார்த்தேன். அந்த ஃப்ளாஷ் மேடையில் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

இடைவேளையில் வீடியோ எடுக்க வந்திருந்த பெண் என்னிடம் வந்தாள். தொழிலுக்குப் புதிது. மலிவில் ஒரு ஃப்ளாஷ், ட்ரிக்கர் வாங்க வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை, எதை வாங்கலாம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நெட்டையின் குரல்.

"நம்ம ஆளுதான். நல்லா எடுப்பான். பழைய ஃப்ளாஷ் வாங்கறதுக்கு மட்டும் இவன்கிட்ட யோசனை கேக்காதீங்க."

அவள் சிரித்தாள். "ஏன்?"

எனக்குக் காது சுட்டது. நெட்டை என்னைப் பார்த்தான்.

சொன்னேன். கருகல் வாடையிலிருந்து துண்டு போட்டு மூடியதுவரை, எதையும் விடாமல். அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யாரோ மேடையிலிருந்து போட்டோகிராபரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. நான் சொல்லி முடிக்கும்வரை நெட்டை பக்கத்தை விட்டு நகரவில்லை.