அண்ணன் ஓட்டிய பதினொரு விநாடி

மார்ச் 3, செவ்வாய்

"ஏய் டீச்சர், அறுபத்தொரு வயசுல நீ யார்கிட்டயாவது பாடம் கேப்பியா?" என்று போன மாதம் அண்ணன் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

இன்று அவன் வீட்டு மேசையில் ஒரு தெர்மாகோல் விமானம். சிவப்பு இறக்கை. இரண்டு ரிமோட், இடையே ஒரு வயர். கார் ஓட்டப் பழக்குகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி ஏற்பாடு. பெரிய ரிமோட்டில் உள்ள சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சின்ன ரிமோட்காரர் ஓட்டலாம். விரலை விட்டால் விமானம் பெரிய ரிமோட்டுக்கு வந்துவிடும்.

"சின்னது எனக்கு. பெருசு உனக்கு."

சொல்லும்போதே அவன் வலது கை மேசைமேல் தடதடத்தது. முப்பது வருடம் பஸ் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய கை. வருடக் கடைசியில் அது எதையும் பிடிக்குமா தெரியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு தடவையாவது தானே ஓட்டிவிட வேண்டுமாம். அவன் கை தவறினால் காப்பாற்ற நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி முப்பது வயசு. பொம்மை கேக்குது."

மார்ச் 8, ஞாயிறு

மூடிக்கிடக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மைதானம். விமானத்தோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அண்ணன் உரக்கப் படித்தான், நான் ஓட்டினேன். நான்கு நிமிடத்தில் முட்புதர்.

"இதுக்குப் பேரு இறக்குறதா, வீசுறதா?"

மூக்கை ஒட்டியாகிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் விழுந்தது. விலகிப் போகும்போது சொன்னபடி கேட்கிற விமானம், நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடுகிறது. ரிமோட்டில் உள்ள குச்சியை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சாய்கிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வந்தது. எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி காட்டும்போது, "வலது கையைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே நான் என் இடது கையைத்தானே தூக்குவேன்! முப்பத்தெட்டு வருடம் செய்தது. அண்ணன் படித்துக்காட்டிய விதியும் அதுதான்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு.

மார்ச் 29, ஞாயிறு

எட்டு நிமிடம் ஓட்டினேன். சக்கரத்தில் இறங்கியது. "பாஸ்" என்றான் அண்ணன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் ஓட்டினான்.

நான் உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சுவிட்சை அழுத்தினேன். அவன் கை நடுங்கிய மாதிரியே விமானமும் வானத்தில் நடுங்கியது. ஆனாலும் போனது. பெரிய வட்டமாகத் திருப்பினான். எங்களை நோக்கி வந்தது. ஒரு இறக்கை தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது — நான் விரலை விட்டுவிட்டேன்.

நிமிர்த்தி, பத்திரமாக இறக்கினேன். ஒரு கீறல் இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் சின்ன ரிமோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "பிடுங்கிட்ட."

"விழுந்திருக்கும்ணா."

"விழட்டுமே. நீ எத்தனை வாட்டி விழுந்த? நான் நிறுத்துன்னு சொன்னேனா?"

பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி போனை இறக்கிப் பைக்குள் போட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணி படத்தை அனுப்பியிருந்தார். பதினொரு விநாடி. ஏன் பார்த்தேன்?

அதில் அண்ணன் கை நன்றாகத் தெரிகிறது. நான் விரலை விடுவதற்கு முன்பே அவன் கட்டைவிரல் குச்சியைத் தள்ளிவிட்டது. தாழ்ந்த இறக்கையின் பக்கம். சரியான பக்கம். நான் விமானத்தைப் பார்த்தேன், அவன் கையைப் பார்க்கவில்லை.

ஐயோ, ஒரு நொடி பொறுத்திருக்கக் கூடாதா? எனக்கு என்ன அவசரம்? பொறுமையான டீச்சர்னு ஊரெல்லாம் பேரு. எத்தனை பிள்ளைகள் கையிலிருந்து சாக்பீஸை இப்படி வாங்கியிருப்பேன்!

ஏப்ரல் 12, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். "விடு, அடுத்த வாரம் ஓட்டுறேன்" என்றான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காற்று. போகவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காற்று.

மே 10, ஞாயிறு

காற்று இல்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அண்ணன் சின்ன ரிமோட்டை எடுத்தான். கட்டைவிரல் குச்சியின்மேல் நிற்கவில்லை. வைத்தான், நழுவியது. வைத்தான், நழுவியது. நான் அந்த விரலைப் பிடித்து வைக்கப் போனேன்.

"வேணாம்" என்றான். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

அண்ணனை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் ஓட்டினேன். கேட்கக் கூடாது என்றிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு உன்கிட்டயே விட்டிருந்தா நிமிந்திருக்குமாண்ணா?"

எனக்காக அம்மாவிடம் எத்தனையோ பொய் சொன்னவன். இன்றும் ஒன்று சொல்வான் என்று நினைத்தேன்.

"நிமிந்திருக்கும்" என்றான். வானத்தை அண்ணாந்து பார்த்து, "வெயில் ஏறுது. இறக்கு."

வீட்டுக்கு வந்து வயரைச் சுருட்டினேன். சின்ன ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

இந்த நோட்டு யார் கைக்காவது கிடைத்தால்: நீங்கள் சுவிட்சைப் பிடித்திருக்கும்போது ஓட்டுகிறவர் தடுமாறினால், அவர் கையைப் பார்த்தபடி மூன்று எண்ணுங்கள். அதுவரை விரலை எடுக்காதீர்கள்.